வாங்காமல் விட்ட ஐந்து தலைகள்

அந்தத் தீபாவளியன்று விடிகாலையில் கடைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் அம்மா, ஆடு அறுத்துக் கொடுக்க வந்திருந்த பள்ளிவாசல் தெரு பாய். வாசலில் வரிசையில் நின்றவர்கள் இருபது பேருக்குக் குறையாது. இல்லாதவர் ஒருவர்தான். என் அப்பா. அந்தக் கடையில் ஒழுங்காகக் கறி வெட்டத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான்.

எனக்கும் வெட்டத் தெரியும். ஆனால் அவர் வெட்டியதற்கும் நான் வெட்டியதற்கும் உள்ள வித்தியாசம் சாப்பிடும்போது பல்லில் தெரிந்துவிடும். அவர் கத்தி மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே போய் இறங்கும். என் கத்தி எலும்பின் நடுவில் விழும், சில்லு தெறிக்கும். ஒரு ஆட்டை உரித்து, குடலை எடுத்து, துண்டு போட்டு முடிக்க அவருக்கு அரை மணி நேரம் போதும். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அன்றைக்கு ஒன்பது ஆடுகள். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த வீடுகள் அறுபத்திநான்கு. கடை ஆரம்பித்த பிறகு வரும் முதல் தீபாவளி அது. கறிக்கடைக்காரனுக்குத் தீபாவளி என்பது ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் ஒரே காலையில் கொண்டுவந்து கொட்டியது மாதிரி. அன்றைக்கு ஒரு வீட்டுக்கு நல்ல கறி போட்டுவிட்டால் அந்த வீடு வருடம் முழுக்க நம் வீடு.

கடை கீழப்பழுவூர் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி அரியலூர் சாலையில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வந்துகொண்டே இருக்கிற சாலை என்பதால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டேன். இல்லாவிட்டால் பத்து மணிக்குள் தொங்குகிற கறியில் வெள்ளையாகத் தூசி படிந்துவிடும். ஒரு ஃப்ரீசர் வாங்கினேன். எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். போர்டு எழுத வந்தவர், "யாரு பேரு போடணும்?" என்று கேட்டபோது அப்பா முந்திக்கொண்டு, "பேரெல்லாம் எதுக்குங்க, ஆட்டுக்கறின்னு எழுதுங்க போதும்" என்றார். அப்பாவின் பெயரைப் படித்தாலே நாங்கள் எந்தத் தெரு என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். எனக்கு அப்போதே எரிச்சல்தான். ஆனால் வியாபாரம் முதலில் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அரியலூரில் பி.காம். படித்தேன். சிமென்ட் ஆலை ஒன்றின் கேட்டில் கான்ட்ராக்ட் ஆளாக இரண்டு வருடம் லாரி நம்பர் எழுதினேன். அப்பா அந்தக் காலத்தில் அரியலூர் மார்க்கெட்டில் ஒரு கறிக்கடையில் கூலிக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடம். தொழில் முழுக்க இவர் கையில் இருக்கிறது, கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். இதை நான்தான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாமே கடை போடலாம் என்று நச்சரித்து, கடன் எழுதி, இடம் பிடித்து, அவரை அந்த வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அதனால் அன்று காலை வாசலில் நின்ற இருபது பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

அப்பா எங்கே போயிருந்தார் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் கீழப்பழுவூரிலிருந்து திருமானூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீடு. தீபாவளிக்கு அந்த வீட்டுக்காரரும் அவருடைய பங்காளிகளும் சேர்ந்து ஆடு பிடித்து, அவருடைய மோட்டார் கொட்டகைத் தோப்பில் வெட்டிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதற்குக் கூறு போடுவது என்று பெயர். தராசு கிடையாது. வாழை இலைகளை வரிசையாக விரித்து, ஒவ்வொரு இலையிலும் தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு என்று கண் அளவிலேயே சமமாக வைக்க வேண்டும். இருபது முப்பது இலைகளைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் முகம் சுளிக்கக் கூடாது. இருபத்தைந்து வருடமாக அந்தக் கூறு அப்பாவின் கைதான். அரியலூரில் கூலிக்கு இருந்தபோதும் தீபாவளி காலையில் முதலாளியிடம் வசவு வாங்கிக்கொண்டு, ஊரில் வெட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். கூலி பணமாகக் கிடையாது. ஒரு ஆட்டுக்கு ஒரு தலை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் பெரிய வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"என்னடா, மொதலாளி ஆயிட்டியாமே."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடினார். "ஏதோ புள்ள பாத்துக்குதுங்க."

"இந்த வருசம் அஞ்சு உருப்படி. நாலு மணிக்கெல்லாம் வந்து சேந்துடு."

"சரிங்க."

நான் கல்லாவை விட்டு எழுந்து வந்தேன். "ஐயா, அன்னிக்கு எங்களுக்கு அறுபத்திநாலு ஆர்டர் இருக்குங்க. அப்பா இல்லாம முடியாது. நீங்க வேணா சொல்லுங்க, உங்களுக்கு எவ்வளவு வேணுமோ இங்கேயே வெட்டி, கொண்டாந்து வூட்டுலயே குடுத்துடறேன். கிலோவுக்கு அம்பது ரூவா கொறச்சுக்கலாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "உன் கடைக் கறிய எங்க வூட்டுக்கு அனுப்புறேங்கறான்டா உன் மவன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணாடி ஏறியது. எங்கள் கை வெட்டின கறியைத்தான் இருபத்தைந்து வருடமாக அவர் வீட்டில் தின்கிறார்கள். அவர் தோப்பில் வெட்டினால் அது அவர் கறி. எங்கள் கடையில் வெட்டினால் அது எங்கள் கறி. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

கார் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். "அஞ்சு ஆட்டுத்தலைக்கா நம்ம கடைய வுட்டுட்டுப் போறீங்க?"

"தலைக்கு இல்லடா."

"பின்ன?"

"சுடுகாட்டுக்கு எந்த வழியா போறோம்? அவரு வயக்காட்டு நடுவால போறோம். நாளைக்கு நம்ம தெருவுல ஒரு சாவு வுழுந்தா எந்த வழியா தூக்கிட்டுப் போவ?"

"அது பொது வழிப்பா. தாத்தா காலத்துலேர்ந்து போறோம். அவரு மறிச்சா மனு குடுத்தா ஆச்சு."

"மனு குடு" என்றார் அப்பா. "ஆறு மணிக்குள்ள வந்துடுறேன், பேசாம இரு."

அவ்வளவுதான் பேச்சு. மனு என்கிற சொல்லை நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

தீபாவளி காலை ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. பாய் நான்கு ஆட்டை அறுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லாத உரிக்கிற வேலையையும் பார்க்க ஆரம்பித்திருந்தார். அம்மா பின்னால் குடல் கழுவிக்கொண்டிருந்தார். நான் கட்டையில் வெட்டிக்கொண்டிருந்தேன். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர், கடை திறந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் வருகிறவர், கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, கறி வெட்டுறியா, வெறகு பொளக்குறியா?"

வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

"அப்பா இல்லியா?" என்றார் பின்னால் நின்ற ஒரு நர்ஸ் அம்மா. "அவரு வெட்டுனா புள்ளைங்க சாப்புடும். போன தடவ நீங்க வெட்டுனதுல ஒரே எலும்புத் தூளுங்க."

"இந்தா, வந்துகிட்டே இருக்காரும்மா" என்று அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அப்பாவின் போன் வீட்டில் அலமாரி மேல் அடித்துக்கொண்டிருக்கும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

ஏழு மணிக்கு வரிசையிலிருந்து ஆட்கள் கழன்று எதிர்ப்பக்கக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருவர் சத்தமாகவே, "எண்ணெ தேச்சுகிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் என் கையிலிருந்து கத்தியை வாங்கினார். "தம்பி, நீ போயி அப்பாவ கூட்டியா. நானும் அம்மாவும் பாத்துக்குறோம். இன்ஷா அல்லா, அரை மணியில திரும்பிடலாம்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

தோப்பில் அப்பா தென்னை மரத்தடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் வாழை இலைகள், இருபத்திமூன்று. பாதி இலைகளில் கறி விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் ஐந்து தலைகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். மோட்டார் கொட்டகை ஓரத்தில் இன்னும் மூன்று ஆடுகள் கட்டிக் கிடந்தன. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு பேப்பர் கப் இருந்தது. ஈ மொய்த்தது. அவர் அதைக் குடிக்கவில்லை, குடிக்க நேரம் இருந்திருக்காது. அந்தப் பேப்பர் கப்பை நான் பார்த்திருக்காவிட்டால் கொஞ்சம் பொறுமையாகப் பேசியிருப்பேனோ என்னவோ.

"எந்திரிப்பா" என்றேன்.

"இந்தா, இந்தக் கூற முடிச்சுட்டு வந்துடுறேன்."

"அந்த மூணு?"

"சம்பந்தி வூட்டுலேர்ந்து வந்துருக்காங்கடா. திடீர்னு சொல்லிட்டாங்க."

பெரிய வீட்டுக்காரரின் மகன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாவது வரை என்னோடு படித்தவன். "என்ன பி.காம், நல்ல நாளும் அதுவுமா சூடா வந்துருக்க?" என்றான்.

"கடையில ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். எங்களுக்கு வெட்டிட்டு அப்புறம் வந்து உங்களுக்கு வெட்டுவான்."

வெட்டுவான் என்றான். என் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது. அவனுக்கு என் வயது. அப்பாவின் முகம் மாறவில்லை. கையில் இருந்த ஈரலைத் துண்டு போட்டு அடுத்த இலையில் வைத்தார். நான் கத்தவில்லை. விலை சொல்வது மாதிரிதான் சொன்னேன்.

"வெட்டட்டும். ஆட்டுக்கு அறுநூறு ரூவா. அரியலூர்ல கூலி அதான். எட்டு ஆட்டுக்கு நாலாயிரத்தி எண்ணூறு. குடுத்துடுங்க, நான் போயி கடையில சொல்லிட்டு வரேன்."

பெரிய வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "தலைய எடுத்துக்கறீங்கள்லடா. அது என்ன சும்மாவா வருது?"

"தலை வேணாங்க. நீங்களே வச்சுக்குங்க."

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு விளங்குவதற்கு முன்னால் அவருக்கு விளங்கிவிட்டது. அந்த ஊரில் தலையை வாங்கிக்கொண்டு போகிறவன் அடுத்த வருடமும் வருவான் என்று அர்த்தம். தலையை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறவன் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். அப்படி யாரும் சொன்னதில்லை. அப்பா அவசரமாக, "எடுத்துக்கறோங்க, எடுத்துக்கறோம். இவன் வெவரம் தெரியாம பேசுறான்" என்றார்.

"வெவரம் தெரிஞ்சுதான் பேசுறேன்" என்றேன். அவர் கையிலிருந்த கத்தியை வாங்கினேன். அது எங்கள் கத்தி. அவர் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவரும் எழுந்தார். ஏன் எழுந்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என்னைப் பத்துப் பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியாமல் எழுந்திருக்கலாம். பதினோரு இலையில் கறி இருந்தது. பன்னிரண்டு இலை வெறுமையாகக் கிடந்தது. வெட்டாத தொடைகள் அப்படியே தொங்கின.

வண்டியைக் கிளப்பும்போதே பின்னால் சத்தம் கேட்டது. யாரோ தன் இலையில் ஈரல் இல்லை என்றார். யாரோ முதல் வரிசையை முதலில் வந்தவர்கள் எடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் திரும்பப் போட வேண்டும் என்றார். யார் போடுவது? அங்கே நின்ற ஒருவருக்கும் அது தெரியாது. வீட்டுக்கு வந்த சம்பந்தி குடும்பம் பாதிக் கூறோடு கோபித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டதாகச் சாயங்காலம் தெருவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைக்கு நாங்கள் திரும்பியபோது வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். அப்பா நேராக வெட்டுக்கட்டை முன்னால் போய் உட்கார்ந்தார். பாய் அறுத்துப் போட்டிருந்த அத்தனை ஆட்டையும் பத்து மணிக்குள் வெட்டி முடித்தார். வாங்க ஆள் இல்லை. அறுபத்திநான்கு வீட்டில் இருபத்தெட்டு வீடுதான் வந்தது. நாற்பது கிலோவுக்கு மேல் ஃப்ரீசரில் போட்டோம். தீபாவளி முடிந்தால் அமாவாசை, அதற்கு மறுநாள் சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாளைக்கு ஒரு வீடும் கறி எடுக்காது. பாதியை ஒரு பிரியாணிக் கடைக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். மீதி என்ன ஆயிற்று என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

எட்டாம் நாள் பெரிய வீட்டு வயல் முனையில் கல் நட்டு, மூன்று வரிசைக் கம்பி கட்டிவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற ஒரே வழி அதுதான்.

நான் மனு எழுதினேன். வி.ஏ.ஓ. ஆபீஸில் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல பாதைன்னு எதுவுமே இல்லியே தம்பி, நடந்துகிட்டு இருந்திருக்கீங்க, அவ்வளவுதான்" என்றார்கள். இருபது முப்பது சாவுகள் அந்த வழியாகப் போயிருக்கின்றன, என் கண் முன்னாலேயே. எல்லாம் வெறும் நடை. தாலுகா ஆபீஸுக்குப் போனேன். திங்கட்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு அரியலூர் கலெக்டர் ஆபீஸில் டோக்கன் வாங்கி நின்றேன். ஒவ்வொரு முறையும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர், "நல்லா எழுதியிருக்கியேப்பா" என்பார். போனில் குறுஞ்செய்தி வரும், மனு நடவடிக்கையில் உள்ளது என்று. ஐந்து மனுக்கள். ஐந்தும் இன்னும் நடவடிக்கையில்தான் உள்ளன.

தெருவில் பேச்சு மாறியது. நான் வண்டியில் போகும்போது குழாயடியில் ஒரு சித்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நாலாயிரத்தி எண்ணூறு கேட்டானாம். வாங்கியாந்து என் கையில குடுத்தானா? எனக்குச் சாவு வந்தா இவன் கடை ஃப்ரீசர்லதான் வைக்கணும்." இன்னொருவர், "ஐஸ் போட்டு வச்சா வாரக்கணக்குல இருப்ப, கவலப்படாத" என்றார். சிரித்தார்கள். எனக்குக் கோபம் அவர்கள் மேல் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. கம்பி கட்டியவனை விட்டுவிட்டுக் கூலி கேட்டவனைக் கேலி பேசுகிறார்களே என்று வந்தது.

கார்த்திகையில் அடைமழை பிடித்திருந்த வாரத்தில் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் அண்ணன். பக்கத்து வீடு. கம்பியைப் பிடுங்கிவிட்டு எடுத்துக்கொண்டு போவோம் என்றேன். இளவட்டங்கள் நான்கு பேர் என்னோடு நின்றார்கள். அப்பா குறுக்கே வந்து நின்றார். "போலீஸு வரும். பொணத்த நடுவுல போட்டுட்டு நீங்க ஸ்டேஷன்ல இருப்பீங்க. யாரு எடுக்குறது?" என்றார். அதனால் ஓடையைச் சுற்றிப் போனோம். ஓடையில் இடுப்புக்குத் தண்ணீர். பாடையின் முன்பக்கம் அப்பாவின் தோளில், பின்பக்கம் என் தோளில். நடுத்தண்ணீரில் என் கால் சேற்றில் வழுக்கியது. பாடை ஒருபக்கம் சாய்ந்தது. பெரியப்பாவின் இரண்டு காலும் தண்ணீரில் நனைந்தன. கட்டியிருந்த மாலை அறுந்து ஓடையோடு போயிற்று. மோட்டார் கொட்டகைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. சும்மா பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் முடிகிறவரை அப்பா என்னோடு பேசவில்லை. முடிந்த மறுநாள் கடையில் கத்தியைத் தீட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இந்த வாரம் சந்தையில ஆடு புடிக்க வேணாம். இருக்குற பணத்த அப்புடியே வையி. அந்தக் கீழண்டக் கொல்ல ஓரத்துல ஒரு கீத்து கேட்டுருக்கேன்."

பெரிய வீட்டு வயலுக்குக் கிழக்கே ஒரு அம்மாவுக்கு நிலம் இருந்தது. மகனோடு திருச்சியில் இருப்பவர். அவருடைய வரப்பு ஓரமாக எட்டு அடி அகலத்துக்கு வாங்கினால் ஓடையில் இறங்காமல் சுடுகாட்டுக்குப் போய்விடலாம். ஒன்பது சென்ட். நானும் அப்பாவும் திருச்சிக்குப் போய்ப் பேசினோம். ஊர் விலையைவிட இரண்டு மடங்கு கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "நெலத்துக்கு மட்டும் இல்ல தம்பி. உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு அவுங்க என்னையும் மொறைப்பாங்க. அந்த மொறைப்புக்கும் சேத்துத்தான்." ஒளிக்காமல் சொன்னாரே என்று அவர் மேல் எனக்கு மரியாதைதான். அவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வந்த அன்று எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் குடிக்கிற டம்ளரிலேயே டீயும் குடித்தார்.

தெருக்கூட்டம் போட்டோம். நாற்பத்தியோரு வீடு. வீட்டுக்கு மூவாயிரம் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் ஆகிறதை யார் போடுவது என்ற பேச்சு வந்தபோது ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. அப்பாவே, "ஆரம்பிச்சது எங்க வூடு. மிச்சத்த நாங்க போட்டுடுறோம்" என்றார். நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த மூவாயிரத்தைக் குழாயடிச் சித்தி முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை.

ஃப்ரீசரை விற்றேன். பட்டியில் இருந்த பதினோரு ஆடுகளையும் விற்றேன். அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. நிலத்தைத் தெருவில் யார் பெயரில் எழுதினாலும் நாளைக்கு அவர்கள் பிள்ளைகள் கம்பி கட்டுவார்கள் என்று பயந்து, பாதையாகப் பஞ்சாயத்துக்கே தானமாக எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்த யோசனை என்னுடையது. படித்தவன் யோசனை. பஞ்சாயத்துப் பாதை ஆனால் யார் வேண்டுமானாலும் போகலாம் என்பது எழுதிக் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது பெரிய வீட்டுக் கரும்பு, எறையூர் ஆலைக்கு டிராக்டரில் அந்தப் பாதையில்தான் போகிறது. அவருக்குச் சுற்று வழி மிச்சம். டிராக்டர் சக்கரம் பதிந்து இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தை நாங்கள்தான் மண் கொட்டி மூடுகிறோம்.

அடுத்த தீபாவளிக்கு அந்தத் தோப்பில் கூறு போடத் திருமானூர்ப் பக்கமிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். ஆட்டுக்கு எழுநூறு ரூபாய் கொடுத்தார்களாம், ரொக்கமாக. தலையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். நான் கேட்டது அறுநூறு, தலை இல்லாமல். ஆக, பணம் கொடுக்க அவர்களால் முடியாமல் இல்லை. எங்கள் கையில் கொடுக்கத்தான் முடியவில்லை.

அப்பா அந்தத் தீபாவளிக்கு விடிகாலையிலிருந்து கடையில் இருந்தார். ஃப்ரீசர் இல்லாததால் நான்கு ஆடுதான் அறுத்தோம். வாத்தியார் வந்தார். நர்ஸ் அம்மா வரவில்லை. கறி எட்டரைக்குள் தீர்ந்துவிட்டது. அப்பா கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு நான் கேட்டது தப்பாப்பா?" என்று கேட்டேன். "தப்பில்ல" என்றார். கட்டையில் இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, "கூற முடிச்சுட்டுக் கேட்டுருக்கலாம்" என்றார். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முடித்துவிட்டுக் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, அவர் மேலும் என் மேலும். கம்பி கட்டியவர்கள் மேல் வருவது வேறு, அது தீராது.

நிலத்துக்கும் பத்திரச் செலவுக்கும் சேர்த்து இரண்டு லட்சத்து ஐம்பத்து நான்காயிரம் ஆயிற்று. தெருவில் திரட்டியது ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம். மீதி எங்களுடையது. ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் ரூபாய்.